14-ஆம் கேள்வியில் இல்லாத மனிதர்

அந்த அறிக்கையை நான் திறந்தது ஒரு திங்கட்கிழமை காலை. பாரில் மது ஊற்றிக்கொடுக்கும் பார்டெண்டர்களுக்காக நான் வடிவமைத்த ஆன்லைன் பயிற்சி வெளியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. யார் முடித்தார்கள், யாருக்கு எத்தனை மதிப்பெண், எந்தக் கேள்வியில் எத்தனை பேர் சறுக்கினார்கள் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலானோர் முடித்திருந்தார்கள், கருத்துக் கேட்ட இடத்தில் நல்லபடியாகவே எழுதியிருந்தார்கள். 14-ஆம் கேள்விக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பிள்ளைகள் அதைச் சரியாகச் சொல்லியிருந்தார்கள். பத்துப் பதினைந்து வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களில் அநேகமாக எல்லோருமே தவறவிட்டிருந்தார்கள். அதுவும் ஆளுக்கொரு தவறு இல்லை. எல்லோரும் ஒரே தவறான பதிலைத் தொட்டிருந்தார்கள்.

கேள்வி இதுதான். இரவு 9 மணி. ஒருவர் தனியாக வந்து கவுண்டரில் உட்கார்ந்து, "ஒரு விஸ்கி" என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் சரியென்று குறித்து வைத்திருந்த பதில்: "டபுளா தரட்டுமா சார்?" என்று கேட்டு, விலை கூடிய இரண்டு பிராண்டுகளின் பெயரைச் சொல்வது. அனுபவசாலிகள் தொட்டிருந்த பதில்: கேட்டதை ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கவனிப்பது. அதைத் தொட்டால் சிவப்புப் பட்டை விழும். "ஒரு விற்பனை வாய்ப்பைத் தவறவிட்டீர்கள்" என்று எழுத்து வரும். அந்த வாக்கியத்தை எழுதியது நான்.

பயிற்சி வடிவமைக்கிறவர்களுக்கு இது பாலபாடம். தெரிந்தவர் தவறவிட்டுத் தெரியாதவர் சரியாகச் சொல்கிற கேள்வி ஒன்று இருந்தால், கோளாறு கேள்வியில்தான். ஆனாலும் அன்றைக்கு மனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பழைய ஆட்கள் பழைய பழக்கத்தை விடமாட்டார்கள், அவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை என்று எனக்கு இந்த வேலையைத் தந்த பார் நிறுவனத்துக்கு ஒரு குறிப்புக்கூட எழுத ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். எழுதிய வரை திரும்பப் படித்தபோது, பத்து வருட அனுபவத்தை ஒரு நோய் மாதிரி விவரித்திருந்தேன். அது உறுத்தியது. அந்தக் குறிப்பை அனுப்பாமல், ஒரு கிளையில் ஓர் இரவு ஷிப்ட் முழுக்க கவுண்டருக்குப் பின்னால் நிற்க அனுமதி கேட்டேன். இதைப் பயிற்சி எழுதுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்குத் தரப்பட்டது மெனு, பிராண்ட் பட்டியல், மேலாளர்கள் மூவரோடு வீடியோ அழைப்பு, ஒரு இலக்கு. தலைக்குச் சராசரி பில் ஏற வேண்டும், அதுதான் இலக்கு.

அந்த இலக்கை வைத்துக்கொண்டு எழுதினால் பாடம் எப்படி வரும் என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாக்கியங்கள் வரும். "ஜின் அண்ட் டானிக்" என்றால் "எந்த ஜின்?" என்று கேள். விஸ்கி என்றால் "சிங்கிளா, டபுளா?" என்று கேள். வேண்டுமா வேண்டாமா என்று கேட்காதே, இதுவா அதுவா என்று கேள். சிரி. பெயரைக் கேட்டு வைத்துக்கொள். எட்டுப் பகுதிகளில் ஐந்து இப்படித்தான் இருந்தன. விற்பனை தனி, வாடிக்கையாளர் கவனிப்பு தனி. கவனிப்பு என்ற பகுதியில் புன்னகையும் கோபப்படுகிறவரைச் சமாளிக்கும் ஐந்து படிகளும். போதை ஏறியவருக்கு மறுப்பது எப்படி என்பது கடைசிப் பகுதி, சட்டத்துக்காக வைத்தது. பல நாடுகளில் போதை தெளிவாகத் தெரிகிறவருக்கு மேலும் மது ஊற்றுவது குற்றம். அதனால் அந்தப் பகுதி இல்லாமல் எந்த நிறுவனமும் கையெழுத்துப் போடாது. இரண்டாம் பகுதியில் டபுள் விற்கச் சொல்லிவிட்டு எட்டாம் பகுதியில் மறுக்கச் சொன்னோம். இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு வரிகூட இல்லை.

கவுண்டருக்குப் பின்னால்

என்னைக் கூட நிற்கவைத்துக்கொண்டவர் நாற்பதைத் தாண்டிய பார்டெண்டர். 14-ஆம் கேள்வியில் சிவப்புப் பட்டை வாங்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "ஓரமா நில்லுங்க மேடம், ஐஸ் பெட்டிக்கும் எனக்கும் நடுவுல மட்டும் வராதீங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என்னிடம் பேசவில்லை.

அவர் கைகளைப் பார்க்க வந்தவள் நான். பார்க்கப் பார்க்க, கைகள் அவருக்குப் பெரிய வேலையே இல்லை என்று புரிந்தது. மது அளக்கும் ஜிக்கரைச் சாய்ப்பதும் ஷேக்கரைத் தட்டி மூடுவதும் தன்பாட்டில் நடந்தன. ஓயாமல் வேலை பார்த்தது கண். ஒரு துணியால் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார், முதலில் அதைச் சுத்தம் என்று நினைத்தேன். அந்தத் துணி அவருக்குக் கவுண்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க ஒரு சாக்கு. நடக்கும்போது எந்தக் கிளாஸில் எவ்வளவு இருக்கிறது, யார் மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், எந்த ஜோடி பேச்சை நிறுத்திவிட்டது என்று எல்லாம் வாங்கிக்கொள்கிறார். கூட்டம் மொய்த்தபோது, பின்வரிசையில் காத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்து இரண்டு விரலைக் காட்டினார். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று மேலாண்மை நிபுணர் டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதியிருக்கிறார். அதைப் படித்த நான் பாடத்தில் "புன்னகையுங்கள்" என்று எழுதிவைத்திருந்தேன். படிக்காத இவர் இரண்டு விரலைக் காட்டுகிறார்.

அந்தப் பெண் வந்ததும் ஜின் அண்ட் டானிக் கேட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன், என் பாடத்தில் இதற்கு வாக்கியம் இருக்கிறது. இவர் "எந்த ஜின்?" என்று கேட்கவில்லை. "கசப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தா பிடிக்குமா, இல்ல பழ வாசனை மாதிரி வேணுமா?" என்றார். அந்தப் பெண் யோசித்து, பழ வாசனை என்றார். இரண்டு பாட்டில்களை எடுத்து மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக நீட்டினார். முகர்ந்து பார்த்தவர் இரண்டாவதைக் காட்டினார். அது பட்டியலில் மேலே இருக்கும் சரக்கு. உடனே ஊற்றவில்லை. மெனுவைத் திருப்பி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார், விலை தெரிகிற மாதிரி. அந்தப் பெண் தலையசைத்த பிறகுதான் ஐஸை எடுத்தார். கிளாஸ் நிறைய பெரிய கட்டிகள். சின்னக் கட்டிகள் சீக்கிரம் கரைந்து, இப்போதுதான் விலை கொடுத்து வாங்கிய வாசனையைத் தண்ணீராக்கிவிடும்.

பிறகு அவரிடம் கேட்டேன், எந்த ஜின் என்று ஏன் நேராகக் கேட்கவில்லை என்று. "பேரு தெரிஞ்சவங்க பேரைச் சொல்லித்தான் கேப்பாங்க மேடம். இவங்க சொல்லலை. அப்ப எந்த ஜின்னு கேட்டா, தெரியாதுன்னு ஒத்துக்க வெக்கற மாதிரி ஆயிடும். வெக்கப்பட்டவங்க இருக்கறதுலயே கம்மி விலையைச் சொல்லிட்டு நகந்துடுவாங்க." விலையைக் காட்டியது ஏன் என்றேன். "சொல்லாம ஊத்தினா இன்னிக்கு விற்பனை, பில் போடும்போது சண்டை. அடுத்த வாரம் அவங்க வரமாட்டாங்க." இதைச் சொல்லும்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, கவுண்டரின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்திருந்தார். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. "ஒரு விஸ்கி" என்றார்.

என் கேள்வி நேரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பார்டெண்டர் 30 மி.லி. அளந்து ஊற்றினார், பக்கத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வைத்தார், "ஏதாவது சாப்பிடறீங்களா சார், கிச்சன் இன்னும் திறந்துதான் இருக்கு" என்றார். அவர் வேண்டாம் என்றார். ஐந்து நிமிடத்தில் கிளாஸ் காலி. "இன்னொண்ணு, டபுளா" என்றார். "தர்றேன் சார். இந்தத் தண்ணியை முடிங்க, அதுக்குள்ள அந்தப் பக்கம் ஒரு ஆர்டரை முடிச்சிட்டு வந்துடறேன்." அந்தப் பக்கம் ஆர்டர் எதுவும் இல்லை. அவர் என் பக்கம் வந்து நின்று கிளாஸ்களைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அந்த இரவில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உங்க கேள்வி இதுதானே மேடம்?"

ஆமாம் என்றேன்.

"அந்தக் கேள்வியில அவர் எப்படி வந்தாருன்னே இல்லையே. அதை வச்சுத்தான் நான் எல்லாத்தையும் முடிவு பண்ணுவேன். இவர் உக்காரும்போது நாற்காலியை ரெண்டு தடவை கையால தேடினார். பர்ஸை எடுத்துப் பார்த்துட்டு எந்தப் பாக்கெட்ல வைக்கறதுன்னு யோசிச்சார். வேற எங்கயோ ஆரம்பிச்சுட்டு இங்க வந்திருக்கார். இது எதுவும் தெரியாம டபுளா கேளுன்னா எப்படிக் கேக்கறது? அதான் எங்க ஆளுங்க எல்லாரும் தண்ணியைத் தொட்டாங்க. தெரியாத ஆளுக்கு முதல்ல தண்ணி. பார்த்துட்டு அப்புறம் பேச்சு."

எனக்குப் பதில் வரவில்லை. நான் எழுதியிருந்த கேள்வியில் ஓர் ஆர்டர் இருந்தது, மனிதர் இல்லை. அதில் புதிய பிள்ளைகள் தேறியதற்குக் காரணமும் அதுதான். அவர்கள் பாடத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். அனுபவசாலிகள் அந்த வரிகளுக்குள் ஒரு மனிதரைத் தேடியிருக்கிறார்கள். கிடைக்காதபோது, கிடைக்காத நிலையில் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள்.

அளவு என்கிற விஷயம்

அன்றிரவு வீட்டுக்கு வந்து தாளில் கணக்குப் போட்டேன். 40 சதவீத மது 30 மி.லி. என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 9.5 கிராம். டபுள் என்றால் 19. உடம்பு ஒரு மணி நேரத்தில் வெளியேற்றுவது ஏறக்குறைய 8 கிராம்தான், ஆளுக்கு ஆள் அது மாறும். குடித்தது ரத்தத்தில் உச்சத்துக்குப் போக அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும், வயிற்றில் சாப்பாடு இருந்தால் இன்னும் தள்ளிப் போகும். ஆக, இரண்டாவது கேட்கிறவரிடம் பார்டெண்டர் பார்ப்பது முதல் கிளாஸின் விளைவைக்கூட முழுதாக இல்லை. இருபது நிமிடத்துக்கு முந்தைய மனிதரிடம் அவர் விற்கிறார். குடிக்கப்போவது ஒரு மணி நேரம் கழித்து வரப்போகிற மனிதர். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் இல்லாத ஆர்டரை முடிக்கப் போனார்.

வேறு கடைகளில் அப்செல், அதாவது கேட்டதைவிடக் கூடுதலாகவோ விலை கூடியதாகவோ வாங்கவைப்பது, என்பது பெரும்பாலும் அப்பாவிக் காரியம். பெரிய பை, கூடுதல் உத்தரவாதம், நல்ல தலையணை. வாங்கியவர் வீட்டுக்குப் போய் வருத்தப்படலாம், அவ்வளவுதான். பாரில் "இன்னும் கொஞ்சம்" என்பதும் "இன்னும் நல்லது" என்பதும் பில்லில் ஒரே மாதிரிதான் தெரியும், உடம்பில் அப்படியில்லை. 30 மி.லி. சாதாரண விஸ்கியிலிருந்து 30 மி.லி. நல்ல விஸ்கிக்கு ஒருவரை நகர்த்தினால் பில் ஏறும், ஆல்கஹால் ஏறாது. ஆல்கஹாலே இல்லாத ஒரு நல்ல காக்டெயில், சாப்பாடு, இரண்டாவது சுற்றுக்கு நடுவே ஒரு சோடா என்று எல்லாவற்றிலும் கடைக்கு வருமானம் இருக்கிறது. என் பாடம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, எளிதானதைக் கற்றுக்கொடுத்திருந்தது. டபுளா என்று கேட்க எந்தச் சரக்கறிவும் வேண்டாம், ஆளைப் பார்க்கவும் வேண்டாம். அதனால்தான் அது பாடத்தில் எழுதவும் எளிதாக இருந்தது.

ஒரு சங்கதியை இங்கே சொல்லிவிடுகிறேன். பயிற்சிகளில் "ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்" என்று ஓர் அளவு வரும். அது ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் 14 கிராம், ஆஸ்திரேலியாவில் 10, பிரிட்டனில் யூனிட் என்கிற அளவு 8 கிராம். ஒரு நாட்டுக்காக எழுதிய பாடத்தை இன்னொரு நாட்டுக்கு மொழிமாற்றி அனுப்பும்போது இந்த எண்ணை யாரும் தொடுவதில்லை. நானும் தொட்டதில்லை. இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மறுபடி எழுதியது

பாடத்தைத் திரும்ப எழுத வேண்டும் என்று நிறுவனத்திடம் சொன்னபோது எளிதில் சம்மதிக்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பணம் கொடுத்தாகிவிட்டது, முடித்தவர்கள் எண்ணிக்கையும் நன்றாக இருக்கிறது. மாதிரிக்கு ஒரு பகுதியை மட்டும் என் செலவில் மாற்றித் தருகிறேன் என்றேன்.

முதலில் மாற்றியது வரிசையை. முன்பு கேள்வி "என்ன சொல்வீர்கள்?" என்று தொடங்கும். இப்போது இருபது விநாடி வீடியோ ஒன்று ஓடும். ஒருவர் உள்ளே வருகிறார், உட்காருகிறார், வாய் திறப்பதற்கு முன் படம் நின்றுவிடும். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கும். சொல்வதற்கு விடைப்பட்டியல் கிடையாது, அவர்களே தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது குரலில் பதிய வேண்டும். பிறகு அதே வீடியோ மறுபடி ஓடும், இந்த முறை அனுபவமுள்ள ஒரு பார்டெண்டரின் குரலோடு. "இங்க பாருங்க, மெனுவை எடுக்கலை, நேரா பாட்டில் அலமாரியைப் பார்க்கறார். இவருக்கு என்ன வேணும்னு தெரியும், நீங்க கதை சொல்லாதீங்க." கேரி கிளைன் என்கிற உளவியலாளர் 1980-களில் தீயணைப்புத் தலைவர்களோடு பேசிக் கண்டுபிடித்ததும் இதுதான். அவர்கள் பல வழிகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டு முடிவெடுப்பதில்லை. சூழலின் அடையாளங்களைப் பார்த்ததும், இது எந்த மாதிரிச் சங்கதி என்று பிடிபடுகிறது, செய்ய வேண்டியது கூடவே வந்துவிடுகிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடு என்று நாம் வைக்கிற கேள்விகள், அந்த ஆட்கள் செய்யாத ஒரு வேலையைச் சோதிக்கின்றன.

அடுத்து, சிவப்பும் பச்சையும் போனது. ஒவ்வொரு காட்சியையும் ஏழு மூத்த பார்டெண்டர்களிடம் காட்டி, நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன் என்று கேட்டுப் பதிந்தேன். கற்கிறவர் தன் பதிலைச் சொன்ன பிறகு, அந்த ஏழு பேரில் எத்தனை பேர் அவர் பக்கம், எத்தனை பேர் வேறு பக்கம் என்று தெரியும். யாரைத் தொட்டாலும் காரணத்தைக் கேட்கலாம். ஒரு காட்சியில் ஏழு பேரும் நாலும் மூன்றுமாகப் பிரிந்துவிட்டார்கள். பிறந்தநாள் கொண்டாட வந்த கூட்டம், ஷாட் கேட்கிறார்கள், ஒருத்தி மட்டும் பின்னால் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த ஒருத்திக்கு என்ன கொடுப்பது என்று அவர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. மற்றவர்களுடையதைப் போலவே தெரிகிற சின்ன கிளாஸில் மதுவில்லாத ஒன்றை, யாரும் கவனிக்காமல் அவள் கையில் கொடுப்பேன் என்றார் ஒருவர். கேட்காமல் அப்படிச் செய்வது அவளை ஏமாற்றுவது, காதருகே கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார் இன்னொருவர். அந்த விவாதத்தை ஒரு நிமிடத்துக்குக் குறைத்து அப்படியே பாடத்தில் வைத்தேன். நான் எழுதிய எதையும்விட அதைத்தான் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

வாக்கியங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: வந்தவர் சொன்ன ஆர்டரை அவர் சொன்ன சொல்லிலேயே திருப்பிச் சொல்வது. உளவியலாளர் ரிக் வான் பாரனும் உடனிருந்தவர்களும் நெதர்லாந்தில் ஓர் உணவகத்தில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்டரை அச்சு மாறாமல் திருப்பிச் சொன்ன பணிப்பெண்ணுக்கு டிப்ஸ் கூடுதலாகக் கிடைத்தது. டிப்ஸுக்காக இல்லை, திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதற்காக அதை வைத்தேன்.

எங்கே, எப்போது படிக்கிறார்கள் என்பதையும் இந்த முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஷிப்டுக்கு முன்னால், சரக்கு அறையில், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கைபேசியில். வெளியே இசை சோதனை நடக்கும். என் பழைய பாடம் நாற்பது நிமிடம், ஹெட்போன் இல்லாவிட்டால் பாதி புரியாது. இப்போது ஒவ்வொரு காட்சியும் நான்கு நிமிடத்துக்குள், எல்லாவற்றிலும் எழுத்து ஓடும். ஒரே மூச்சில் முடிக்கவும் விடுவதில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு கேள்வி, ஒரு வாரம் கழித்து ஒன்று, மாதம் கழித்து ஒன்று என்று திரும்ப வரும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்மேல் சோதித்துக் காட்டிவிட்டார், மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே நழுவிவிட்டது. அவர் படித்தது அர்த்தமற்ற அசைகளை என்பது உண்மைதான். ஆனால் பதினெட்டு ஜின்களின் பெயரும் அதில் போட்ட மூலிகைப் பட்டியலும் புதிதாக வந்த பிள்ளைக்கு அர்த்தமற்ற அசைகள் மாதிரிதான். ரோடிகர், கார்ப்பிக்கி என்கிற இரு உளவியலாளர்கள் 2006-இல் காட்டியது இன்னொன்று: மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்திக்கொண்டார்கள், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். பயிற்சி முடிந்த கையோடு வைக்கிற தேர்வு ஏன் எல்லோரையும் கெட்டிக்காரர்களாகக் காட்டுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

திரையில் முடியாத ஒன்று இருந்தது: ருசி. பீட் என்கிற சதுப்பு மண்ணை எரித்த புகையில் உலர்த்திய பார்லியிலிருந்து வரும் விஸ்கிக்குப் புகை வாசனை இருக்கும் என்று எழுதலாம், படம் போடலாம். ஒரு சொட்டு நாக்கில் படாதவர் அதை வாடிக்கையாளரிடம் சொன்னால் ஒப்பிக்கிற மாதிரிதான் இருக்கும். எனவே அந்தப் பகுதி திரையில் முடியாது, மேலாளருக்கு ஒரு வேலையாகப் போகும். வாரம் ஒருநாள் ஷிப்டுக்கு முன் பத்து நிமிடம், இரண்டு சரக்கு, ஆளுக்கு 5 மி.லி., ருசித்துத் துப்பிவிட வேண்டும். "இதை யாருக்குக் கொடுப்பீங்க?" என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொருவரும் தன் சொல்லில் பதில் சொல்ல வேண்டும். மது அருந்தாதவர்கள் முகர்ந்து பார்த்தால் போதும், யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று எழுதிவைத்தேன். இதற்காகும் சரக்கின் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் மூன்று வாரம் போனது. ஆன்லைன் பயிற்சி என்று சொல்லி வாங்கியவர்களுக்கு, அதில் பாதி ஆன்லைனில் இல்லை என்பதை விளங்கவைப்பது சுலபமாக இல்லை.

அறையில் ஒட்டியிருந்த தாள்

இதையெல்லாம்விட எனக்கு மனம் கொதித்தது வேறொன்றில். அந்த இரவு ஷிப்டில், பணியாளர்கள் உடை மாற்றும் அறையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்த மாதம் அதிக டபுள் விற்றவர்கள் பட்டியல், முதலிடத்துக்குப் பரிசு. என்னைக் கூட நிற்கவைத்த பார்டெண்டர் அதில் கடைசிக்கு முந்தி இருந்தார். பணித்திறனை ஆராய்ந்த தாமஸ் கில்பர்ட் 1978-இலேயே எழுதினார், ஆளுக்குப் பயிற்சி கொடுக்குமுன் அவரைச் சுற்றி இருப்பதைப் பார், என்ன தகவல் தருகிறாய், என்ன கருவி தருகிறாய், எதற்குப் பரிசு தருகிறாய் என்று பார். அந்தத் தாள் சுவரில் இருக்கும்வரை என் நான்கு நிமிடக் காட்சிகள் எதையும் அசைக்காது. மாதம் முழுக்க ஆள் கண்முன்னால் இருப்பது தாள்தான்.

நிறுவனத்தோடு பேசும்போது இதை நேராகவே சொன்னேன். சராசரி பில் என்கிற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு அளந்தால், நல்ல விஸ்கியை விற்றவரும் தள்ளாடுகிறவருக்கு டபுள் ஊற்றியவரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். பில் இயந்திரத்திலேயே பிரித்துப் பார்க்க முடியும்: பெயர் சொல்லி விற்ற பிராண்டுகளின் பங்கு எவ்வளவு, மதுவில்லாத பானங்கள் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, டபுள் எவ்வளவு. பயிற்சியை மதிப்பிடுவது பற்றி எழுதிய கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை நான்கு நிலைகளில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, விளைவு வந்ததா. நிறுவனங்கள் கேட்பது நான்காவது. நாங்கள் கொடுப்பது முதலாவது. மூன்றாவது நிலைக்கு ஒருவர் போய் கவுண்டர் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும், அதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஆன்லைன் பாடங்களுக்கான ஸ்கார்ம் என்கிற தொழில்நுட்பத் தரத்தில் இயங்கும் பாடங்கள் முடித்தாரா, எவ்வளவு மதிப்பெண், எவ்வளவு நேரம் என்று சொல்லும். தண்ணீர் டம்ளரை வைத்தாரா என்று அதற்குத் தெரியாது.

தாளை எடுத்தார்கள், எல்லாக் கிளைகளிலும் இல்லை. நான் நின்ற கிளையில் எடுத்தார்கள், இன்னும் சிலவற்றில் பரிசை மதுவில்லாத காக்டெயிலுக்கு மாற்றினார்கள். அதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை, எதற்குப் பரிசு வைத்தாலும் கண் அதன் மேல்தான் போகும். விற்பனை ஏறியதா என்று கேட்பவர்களுக்கு: சில கிளைகளில் ஏறியது, என் பாடத்தால் என்று சொல்ல மாட்டேன். அதே நேரத்தில் மெனுவும் மாறியது. இப்போதெல்லாம் இந்த மாதிரி வேலை வந்தால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுகிறேன், எதற்குப் பரிசு கொடுக்கிறீர்கள் என்று. அளவை ஏற்றுவதற்கு என்றால், அதை மாற்றாமல் பாடம் எழுதுவதில்லை. இரண்டு வேலைகள் இப்படிப் போயின.

14-ஆம் கேள்வியைக் கடைசியாகத்தான் எழுதினேன். நடிகர் ஒருவரை வைத்து, அன்றிரவு பார்த்ததை முடிந்தவரை அப்படியே எடுத்தோம். உள்ளே வருகிறார், நாற்காலியை இரண்டு தடவை கையால் தேடுகிறார், பர்ஸைப் பாக்கெட் மாற்றி வைக்கிறார், நிமிர்ந்து பார்க்கிறார். அங்கே படம் நிற்கும். முதல் வடிவத்தை அந்தப் பார்டெண்டருக்கு அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே என்று செய்தி போட்டேன். மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு, ஷிப்ட் முடிந்த நேரத்தில், குரல் பதிவு வந்தது.

"பார்த்தேன் மேடம். நாற்காலி நல்லா வந்திருக்கு, பர்ஸும் சரி. ஆனா அவர் இடது கை முழுசா கவுண்டருக்குக் கீழயே இருக்கு. அந்தக் கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். சும்மா கையா, வண்டிச் சாவியா?"

சாவியோடு மறுபடி எடுத்தோம். கவுண்டரில் எங்கே வைத்தால் ஒரு விநாடி மட்டும் கண்ணில் படும் என்று பார்க்க ஒன்பது தடவை எடுக்க வேண்டியிருந்தது.